கரும்பு எங்கே வாழும், எங்கே வாழாது? நாணலின் செல்லுக்குள் விடை தேடிய ஜானகி அம்மாள்

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு இருக்கிறது. ஒரு கோடையில் ஏரி வற்றிப்போய், கிணற்று மோட்டாரும் அரை மணி நேரத்தில் காற்று வாங்க ஆரம்பித்த சமயம் ஊருக்குப் போயிருந்தேன். மறுதாம்புக் கரும்பு கணுக்கணுவாய்ச் சுருங்கி, சோகையெல்லாம் பழுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் ஏரிக்கரையில் யாரும் தண்ணீர் பாய்ச்சாத, யாரும் உரம் போடாத நாணல் மட்டும் பச்சையாக நின்றது. ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, ஒன்று சாகுது, ஒன்று ஏன் சாகலை என்று பெரியப்பா கேட்டார். பத்திரிகையில வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா என்பது அதற்குள் இருந்த இரண்டாவது கேள்வி.

தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தபோது ஒரு பழைய பெயர் வந்து நின்றது: ஜானகி அம்மாள். தர்மசங்கடமான விஷயம் என்னவென்றால், அவரைப் பற்றி நானே ஒரு மகளிர் தினத்துக்கு கார்டு தயாரித்திருக்கிறேன். இந்தியக் கரும்பை இனிப்பாக்கிய பெண் என்று அதில் தலைப்பு. நல்லா ஷேர் ஆச்சு. ஆனா அது சரியில்லை. அவர் செய்தது வேறு வேலை. எனக்கு இப்போது தோன்றுவது, அந்த வேலை கார்டில் சொன்னதைவிடப் பெரியது.

கரும்புக்கு என்னதான் பிரச்சினை?

முதலில் செடியைப் புரிந்துகொள்வோம். நாம் ஆலைக்கு வெட்டி அனுப்புகிற கரும்பின் மூதாதைகளில் ஒன்று, நியூ கினி தீவுப் பக்கம் மனிதர்கள் பழக்கிய தடித்த, சாறு நிறைந்த கரும்பு. வெயிலும் மழையும் வருடம் முழுக்கக் கிடைக்கிற வெப்பமண்டலத் தீவுச் செடி அது. அதன் உடம்பு அந்த ஊருக்காகவே அமைந்தது.

கரும்பின் இலைக்குள் ஒரு கூடுதல் ஏற்பாடு இருக்கிறது. காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் டை ஆக்சைடை முதலில் ஒரு வகைச் செல்லில் பிடித்து, இன்னொரு வகைச் செல்லுக்குள் தள்ளிச் செறிவாக்கி, பிறகுதான் சர்க்கரை செய்யும். இதற்கு சி-4 ஒளிச்சேர்க்கை என்று பெயர். 1960-களில் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்ததே கரும்பு இலையில்தான். சுட்டெரிக்கும் வெயிலில், இலைத்துளையை அதிகம் திறக்காமலே சர்க்கரை செய்ய இது உதவுகிறது. நெல்லுக்கு இந்த வசதி கிடையாது.

குளிர் வந்தால் கதை மாறும். 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே கரும்பின் வளர்ச்சி மந்தமாகிவிடும், உறைபனி விழுந்தால் குருத்து கருகிவிடும். அதனால் தடித்த வெப்பமண்டலக் கரும்பு பஞ்சாப், பீகார் குளிர்காலத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. அங்கே நூற்றாண்டுகளாக விளைந்தது ஒல்லியான நாட்டுக் கரும்பு. அது குளிரைத் தாங்கும், ஆனால் மகசூல் குறைவு. இந்தியாவின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வடக்கே இருந்தது, நல்ல கரும்பு வாழ முடிந்ததோ தெற்கே. நாடு ஜாவாவிலிருந்து சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்ததற்குப் பின்னால் இந்த முரணும் ஒரு காரணம்.

அடுத்தது தண்ணீர். ஒரு போகம் கரும்புக்குச் சுமார் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 1,200 மில்லிமீட்டர்தான். அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் ஒரு மூச்சில் கொட்டிவிடும். மீதியை ஏரியும் கிணறும் ஈடுகட்ட வேண்டும். பராந்தக சோழன் காலத்திலேயே ஏரியைப் பராமரிக்கத் தனியாக ஒரு வாரியம் தேர்ந்தெடுத்த ஊர் எங்களுடையது. குடவோலை பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்த ஏரி வாரியத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது தனிக் கதை.

சரி, நாணல்? பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். அதுவும் கரும்பு இனம்தான், அதே சி-4 இலைதான். ஆனால் தண்டு பென்சில் அளவு, இனிப்பு சொற்பம். சம்பாதித்ததைத் தண்டில் சர்க்கரையாகச் சேர்த்து வைக்காமல், மண்ணுக்கடியில் படரும் மட்டத்தண்டிலும் ஆழமான வேரிலும் போட்டு வைக்கிறது. மேலே காய்ந்தாலும், எரித்தாலும், வெள்ளம் மூடினாலும் கீழேயிருந்து மறுபடி முளைக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, கடற்கரையிலிருந்து இமயமலைச் சரிவு வரை அது பரவியிருப்பதற்கு இந்த உடலமைப்பு ஒரு காரணம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கிற திருமுக்கூடல் எங்களுக்குப் பக்கம்தான். ஆற்றுமணல்தான் நாணலுக்குச் சொந்த வீடு.

கோவை நாணலும் வடநாட்டுச் சர்க்கரையும்

இரண்டையும் கலந்தால் என்ன என்று யோசித்தவர்கள் 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கினார்கள். ஏன் கோவை? கரும்பு அங்கே நன்றாகப் பூக்கும். கரும்பு பூப்பதற்கு இரவின் நீளம் ஒரு குறிப்பிட்ட கணக்கில் இருக்க வேண்டும், இரவு ரொம்பக் குளிரவும் கூடாது. வட இந்தியாவில் கரும்பு பூப்பது அரிது, பூத்தாலும் மகரந்தம் பெரும்பாலும் மலடு. நம்ம விவசாயிக்குக் கரும்பு பூத்தால் கோபம் வரும், தண்டு நெட்டி விழுந்து எடை போய்விடும் என்று. இனப்பெருக்கம் செய்பவருக்கோ பூ இல்லாவிட்டால் வேலையே இல்லை.

அங்கே முதலில் சி.ஏ. பார்பர், அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமன். வெள்ளை என்ற தடித்த கரும்பைத் தாயாகவும், கோவைப் பக்கத்து நாணலைத் தந்தையாகவும் வைத்துப் பிறந்ததுதான் கோ 205. 1918-ல் வடக்கே போனது. பஞ்சாபில் உள்ளூர் ரகத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாக விளைந்தது. அதாவது வட இந்தியக் குளிரைச் சமாளிக்கும் தெம்பை வடநாட்டுக் கரும்புக்குக் கொடுத்த முன்னோர்களில், கொங்கு மண்ணில் கவனிப்பாரற்று நின்ற ஒரு நாணலும் உண்டு.

1918-ல் ஜானகி அம்மாளுக்கு 20 வயது, மாணவி. ஆகவே அந்தக் கார்டு தப்பு.

யார் இந்த ஜானகி அம்மாள்?

1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். அன்றைக்கு அது மதராஸ் மாகாணம். அப்பா ஈ.கே. கிருஷ்ணன் சப்-ஜட்ஜ், பறவைகள் மீதும் தோட்டத்தின் மீதும் பித்துக் கொண்டவர். இரண்டு திருமணங்களில் அவருக்கு 19 பிள்ளைகள், இரண்டாவது மனைவி தேவியின் பத்தாவது குழந்தை ஜானகி. தீயர் சமூகம். அக்காமார்களுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் நடந்துகொண்டிருந்த வீட்டில், தனக்குக் கல்யாணம் வேண்டாம், படிப்புப் போதும் என்று முடிவெடுத்தார். கடைசி வரை அப்படியே இருந்தார்.

சென்னை ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் 1921-ல் தாவரவியல் ஆனர்ஸ். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். (கோவையின் பார்பர் வேறு, இந்தப் பார்பர் வேறு. குழம்ப வேண்டாம்.) முதுகலை முடித்துச் சென்னை திரும்பி, மறுபடி போய், 1931-ல் டாக்டர் பட்டம். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே செய்தியாக இருந்த காலம் அது. திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பேராசிரியர். 1934-ல் கோவை கரும்பு நிலையத்தில் செல் மரபியல் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார்.

அப்போ அவர் செய்தது என்ன?

எண்ணினார். ஒரே வார்த்தையில் சொன்னால் அதுதான். செடியின் வேர்நுனியை எடுத்து, பதப்படுத்தி, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொரு குரோமோசோமாக எண்ணுவது. கேட்க எளிது. கரும்பின் ஒரு செல்லுக்குள் நூற்றுக்கு மேல் குரோமோசோம்கள் புளியங்கொட்டையைக் கொட்டி வைத்த மாதிரி கிடக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். நமக்கு மொத்தமே 46தான்.

ஏன் அவ்வளவு? குரோமோசோம் தொகுப்பு என்பதை ஒரு செடியின் செய்முறைப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அப்பா தந்த ஒரு பிரதி, அம்மா தந்த ஒரு பிரதி. கரும்பு போன்ற செடிகளிடம் அதே புத்தகம் எட்டு, பத்து பிரதிகள் இருக்கும். இதைப் பன்மடியம் என்கிறார்கள். பிரதிகள் கூடும்போது செல் பெரிதாகலாம், இலை தடிக்கலாம், இலைத்துளையின் அளவு மாறலாம், வளரும் வேகம் மாறலாம். ஒரு பிரதியில் பிழை வந்தாலும் மற்றது வேலை செய்யும், அதனால் புதிய குணங்களைச் சோதித்துப் பார்க்கவும் இடம் கிடைக்கும். ஒரு செடி எந்தக் குளிரை, எந்த வறட்சியைத் தாங்கும் என்பதில் இதற்கெல்லாம் பங்கு உண்டு.

தடித்த கரும்பில் 80 குரோமோசோம். கோவை நாணலில் 64. வழக்கமான கணக்குப்படி பிள்ளைக்குப் பாதிப் பாதி, 40-ம் 32-ம் சேர்ந்து 72 வர வேண்டும். ஆனால் கோ 205-ல் இருப்பது 112. தாய்க் கரும்பு தன் 80-ஐ முழுசாகக் கொடுத்துவிடுகிறது, நாணல் மட்டும் பாதி கொடுக்கிறது. ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு விஞ்ஞானி கவனித்த விசித்திரம் இது. இனிப்பைப் பெரிதாக இழக்காமல் நாணலின் முரட்டுத்தனத்தை மட்டும் கொஞ்சம் ஊட்ட முடிந்ததன் ரகசியமும் இதுதான்.

ஜானகி அம்மாள் கையில் எடுத்தது நாணலை. இந்தியாவின் வெவ்வேறு பகுதி நாணல்களைச் சேகரித்து எண்ணினார், 1936-ல் அந்த ஆய்வின் முதல் பகுதி வெளியானது. பார்வைக்கு ஒரே புல். உள்ளே எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறு. இன்று கிடைக்கும் கணக்குப்படி இந்திய நாணல்களில் 40 முதல் 80 வரை, ஜாவா நாணலில் 112, மொத்த உலகத்தில் 128 வரைகூடப் போகிறது. எண்ணிக்கை குறைந்த, அடிப்படையான வடிவங்கள் இந்தியாவில் இருப்பதால் இந்தப் புல்லின் பிறப்பிடத்தை இங்கேதான் தேட வேண்டும் என்ற திசையில் அவர் ஆய்வு போனது. கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து ஒரு செடி உண்டாக்கி, அதை 1938-ல் நேச்சர் இதழில் எழுதினார். அந்தச் செடி வயலுக்கு வரவில்லை. ஆனால் தூரத்துச் சொந்தங்களுக்கிடையேயும் கதவு முழுக்க மூடியில்லை என்று காட்டியது.

இந்த வேலையின் அர்த்தம் எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆச்சு. மற்றவர்கள் கரும்பை நட்டுப் பார்த்து, பிழைத்ததா செத்ததா என்று கண்டுபிடித்தார்கள். ஏன் பிழைக்கிறது என்பதை அவர் செல்லுக்குள் தேடினார். நட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பினால் அடுத்த நாணலைத் தேர்ந்தெடுப்பது குருட்டு அதிர்ஷ்டம்.

கோவையில் நாட்கள் சுகமாக இருக்கவில்லை. கல்யாணமாகாத பெண், அன்றைய சாதிக் கணக்கில் கீழே வைக்கப்பட்ட சமூகம், ஆண்கள் மட்டுமே நிரம்பிய ஆராய்ச்சி உலகம். 1935-ல் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது, அந்த அங்கீகாரம் அன்றாடச் சங்கடங்களைத் தீர்க்கவில்லை.

இங்கிலாந்தில் ஆறு வருடங்கள் அல்ல, பன்னிரண்டு

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் சர்வதேச மரபியல் மாநாடு. போன இடத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். ஜான் இன்னஸ் நிலையத்தில் சி.டி. டார்லிங்டனோடு வேலை. லண்டன்மீது குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வதும், காலையில் அலமாரியில் சிதறிய கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வதும் வழக்கம் என்று குடும்பத்தில் சொல்வார்கள். 1945-ல் இருவரும் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸ் என்ற பெரிய நூலை வெளியிட்டார்கள். உலகில் மனிதர் வளர்க்கும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையும், அவை எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்பதும் ஒரே இடத்தில். எண்ணுக்கும் ஊருக்கும் என்ன தொடர்பு என்ற அவரது பழைய கேள்வி உலக அளவுக்குப் போனது இங்கேதான்.

பிறகு 1951 வரை விஸ்லியில் ராயல் தோட்டக்கலைச் சங்கம். அங்கே கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு மக்னோலியா நாற்றுகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் செய்வதைச் சில நாட்களில் செய்து பார்ப்பது மாதிரி. இரட்டிப்பான செடிகளில் இலை தடித்தது, பூவிதழும் சதைப்பற்றோடு வந்தது. அவற்றில் ஒன்றுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஈரக் குளிரும் வறண்ட குளிரும்

நேருவின் அழைப்பில் 1951-ல் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு. இமயமலைச் செடிகளை எண்ணத் தொடங்கியபோது அவர் கவனித்த ஒன்றுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

இமயமலை இரண்டு கோடியிலும் குளிர்தான். ஆனால் வடமேற்கில், காஷ்மீர் பக்கம், குளிரோடு வறட்சி. வடகிழக்கில், அசாம், சிக்கிம் பக்கம், குளிரோடு ஈரம். வடகிழக்கில் செடி இனங்கள் எக்கச்சக்கம், வடமேற்கில் அவ்வளவு இல்லை. ஈரக் குளிர்ப் பகுதியில் பன்மடியச் செடிகள் அதிகம் உருவாகி நிலைத்ததை இந்த வேறுபாட்டோடு அவர் தொடர்புபடுத்தினார். கூடவே சீனப் பக்கத்துச் செடிகளும் மலேயாப் பக்கத்துச் செடிகளும் உள்ளூர்ச் செடிகளும் அங்கே சந்தித்துக் கலந்ததையும் காரணமாகச் சொன்னார். ரோடோடென்ட்ரான்களைப் பற்றி 1950-ல் கூட்டாளிகளோடு வெளியிட்ட குரோமோசோம் கணக்கும் இந்த வரிசையில் வரும். அந்த ரோடோடென்ட்ரானின் ஒரு வகை நீலகிரி உச்சியில் இன்றும் சிவப்பாகப் பூக்கிறது. அதன் சொந்தங்கள் பெரும்பாலும் இமயமலையில். நடுவில் உள்ள வெப்பச் சமவெளியில் அதனால் வாழ முடியாது. குளிர்ந்த மலையுச்சி அதற்கு ஒரு தீவு.

தட்பவெப்பம் என்றால் நாம் வெயில் எத்தனை டிகிரி என்று மட்டும் பார்க்கிறோம். குளிரும் ஈரமும் எந்தச் சேர்க்கையில் வருகின்றன என்பது முக்கியம். செடியின் உடம்பு அந்தச் சேர்க்கையைத்தான் சந்திக்கிறது. பன்மடியம் மட்டுமே எல்லாவற்றுக்கும் விடை என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்ல மாட்டார்கள். மண், மலையின் வயது, பூச்சிகள் என்று இன்னும் பல உண்டு. ஆனால் எண்ணையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை இந்தியத் தாவரவியலில் அழுத்தமாகத் தொடங்கி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

எரிந்த மரம், எரியாத காடு

ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி ஒரு மக்னோலியா மரம். அந்த வட்டாரத்தில் அந்த இனத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்க்கப் போனார் ஜானகி அம்மாள். போய்ச் சேர்ந்தபோது மரம் எரிந்துகிடந்தது. அது உணவு உற்பத்திக்காகக் காடுகள் வேகமாக அழிந்த காலம். அந்த வருத்தத்தை அவர் மறக்கவில்லை. 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றுகிறான் என்று பேச ஒரு பெரிய மாநாடு கூடியது. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் அவர். இந்தியாவின் தன்தேவை விவசாயத்தைப் பற்றி அங்கே பேசினார்.

அலகாபாத், ஜம்மு, கொஞ்ச காலம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் என்று வேலைகள். அவற்றை நான் வேகமாகத் தாண்டுகிறேன். 1977-ல் பத்மஸ்ரீ.

எழுபதுகளில் கேரள மின்வாரியம் பாலக்காட்டு அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழா ஆற்றில் அணை கட்டத் திட்டமிட்டது. எதிர்த்தவர்களில் 80 வயதைத் தொட்ட ஜானகி அம்மாளும் ஒருவர். அவர் செய்தது, வழக்கம்போல, அந்தக் காட்டின் செடிகளைக் குரோமோசோம் கணக்கெடுக்கும் முயற்சி. நனைந்தே பழகிய மழைக்காட்டு மரங்கள் அவை. வெடிப்பலா மரமும் அதன் பூவையும் காயையும் நம்பியிருக்கும் சோலைமந்தியும் அந்த ஈரத்தைத் தாண்டி வெளியே வந்து வாழ முடியாது. அங்கே தண்ணீர் நின்றால், இடம் மாறிப் போகவும் வழியில்லை. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அது தேசியப் பூங்கா ஆனது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் இறந்துவிட்டார். 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி, இருப்பு மதுரவாயல் கள ஆய்வகத்தில். கடைசி வரை வேலை செய்துகொண்டிருந்தார். இன்று மதுரவாயல் என்றால் நமக்கு மேம்பாலமும் டிராஃபிக்கும்தான். அன்று அது சென்னை நகரத்துக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. உத்திரமேரூரும் அதே மாவட்டம், தலைநகர் காஞ்சிபுரம். ஆக, கடைசிக் காலத்தில் அவர் எங்கள் மாவட்டக்காரர். எங்கள் ஊர்ப் பள்ளியில் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றைக்கு இதனால் என்ன?

பெரியப்பா வயலில் இருப்பது கோ 86032. தமிழ்நாட்டில் எங்கே பார்த்தாலும் அந்த ரகம்தான், படாளம் ஆலைக்குப் போகிற லாரிகளில் பார்த்தாலே தெரியும். நல்ல ரகம், சர்க்கரை கட்டும், மறுதாம்பும் சொல்பேச்சு கேட்கும். ஆனால் ஒரு பிரதேசம் முழுக்க ஒரே ரகம் நிற்பதில் ஒரு பயம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 என்ற ரகம் அப்படித்தான் வயல் வயலாக நிறைந்தது, சர்க்கரை ஆலைகளும் விவசாயிகளும் கொண்டாடினார்கள். பிறகு செவ்வழுகல் நோய் அதற்குள் புகுந்து, இப்போது மாற்று ரகம் தேடி அலைகிறார்கள். கரும்பைக் கரணை வைத்து நடுகிறோம், விதை போட்டு இல்லை. அதனால் ஒரு ரகத்தின் ஒவ்வொரு கட்டையும் மற்றதன் நகல். ஒன்றைச் சாய்க்கும் நோயோ வறட்சியோ எல்லாவற்றையும் சாய்க்கும்.

இரவு வெப்பம் ஏறுகிறது, மழை வரும் நாட்கள் குறைந்து ஒரே நாளில் கொட்டுவது கூடுகிறது. கரும்பு எங்கே வாழலாம் என்ற கோடு மறுபடி நகர்ந்துகொண்டிருக்கிறது. நூறு வருடம் முன்பு பிரச்சினை குளிர், இப்போது வறட்சியும் வெள்ளமும். ஆராய்ச்சியாளர்கள் திரும்ப நாணலிடம்தான் போகிறார்கள், அதன் தூரத்துச் சொந்தப் புற்களிடமும் போகிறார்கள். இதற்காகவே நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சேகரித்த கரும்பு, நாணல் வகைகளை கோவை நிலையம் கேரளத்தின் கண்ணூரில் ஒரு மையத்தில் வளர்த்துக் காக்கிறது. வணிகக் கரும்பு வயல்களிலிருந்து விலகி இருப்பதால் நோய் எளிதில் எட்டாது என்பது காரணம். ஜானகி அம்மாள் பிறந்த தலச்சேரி அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

சேகரிப்பில் இருப்பது போதாதா, ஏரிக்கரை நாணல் எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்தில் வைத்த நாணல் வாரம் தவறாமல் தண்ணீர் குடிக்கிறது. ஏரிக்கரை நாணல் ஒவ்வொரு கோடையிலும் பரீட்சை எழுதுகிறது, தோற்றது விதை போடாமல் போகிறது, வென்றது பறந்து பரவுகிறது. இன்றைய வெயிலுக்கு ஏற்ற சேர்க்கை எது என்பது அங்கேதான் முடிவாகிறது.

இதையெல்லாம் போனில் பெரியப்பாவுக்குச் சொன்னேன். குரோமோசோம் கணக்கில் பாதியில் அவர் கவனம் போய்விட்டது, கோவை நாணல் பஞ்சாப் போன கதைக்குத் திரும்ப வந்தது. அந்த நாணலை யார் வெட்டிக்கொண்டு போனது, அதுக்கு ஏதாவது காசு கொடுத்தாங்களா என்று விசாரித்தார். தெரியலை என்றேன். நூறு நாள் வேலையில் கரையைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரம் நாணலைக் கொளுத்தப் போகிறார்கள் என்றார். வேர் சாகாது, மழை வந்தால் திரும்ப முளைக்கும் என்று நான் சொல்ல, அது எனக்குத் தெரியும் என்று போனை வைத்துவிட்டார்.